மண் கட்டடத் துறைக்கு மாற விரும்புகிறேன், வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலையில் பட்டம் பெற்று, மதுரையில் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற சித்திரையில் நாங்கள் கட்டி முடித்த அலுவலகம் ஒன்றில், மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரின் உட்புறத்தில் மாலை நான்கு மணிக்குக் கை வைத்தபோது ஒரு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அந்தச் சூட்டைத் தணிக்கக் கூடுதலாக இரண்டு ஏ.சி. பொருத்தும்படி நானே வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தேன். அன்று முதல் இந்த வழியில் தொடர மனம் ஒப்பவில்லை.

குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் சுவர் கட்டும் முறையில் செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குவதால், சுவருக்குள் இடைவெளி உண்டாகி வெப்பம் உள்ளே வருவது குறைகிறது. செங்கல்லும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. ஆரோவில்லில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண்கற்களைச் சூளையில் சுடவே வேண்டியதில்லை. இவற்றைப் படித்திருக்கிறேனே தவிர, ஒரு வரிசைகூட என் கையால் கட்டியதில்லை.

ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனத்திலோ, பேக்கர் உள்ளிட்டோர் 1985இல் கேரளத்தில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் என்னும் குறைந்த செலவுக் கட்டட அமைப்பிலோ பயிற்சி பெற்றவர்கள் இங்கிருந்தால், அதன் பிறகு வேலை எப்படி அமைந்தது, தொடக்க ஆண்டுகளின் வருமானம் குடும்பம் நடத்தப் போதுமானதாக இருந்ததா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். கிரிஹா, ஐ.ஜி.பி.சி. ஆகிய பசுமைக் கட்டடச் சான்றிதழ் தேர்வுகளைவிடக் களப்பயிற்சியே முதலில் தேவை என்று கருதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கூறுங்கள். சிவகங்கைப் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் எவரேனும், விடுமுறை நாள்களில் என்னை உடன் வைத்துக் கற்றுத்தர முன்வந்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.