14 மாசம் கழிச்சு செத்தா அது கொலை இல்லையாம்!

வாத்தியார்56:
ஆப்பிரிக்க இசை பற்றிய போன இழையில் கணக்குப்பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமில்லை. நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியைப் பற்றி அவர் எழுதியது இது: "ஃபெலா குட்டியின் அம்மாவை ராணுவம் கொன்றது என்பது ரசிகர்கள் கட்டிவிட்ட கதை. ரெய்டு நடந்து 14 மாதம் கழித்து, 77 வயதில், வயோதிகத்தால் போன உயிர். அந்தச் சாவை வைத்து மகன் ரெக்கார்டு விற்றான்."

ஐயா, நடந்ததைச் சொல்கிறேன். 1977 பிப்ரவரி 18. லாகோஸில் ஃபெலா தன் வீட்டைச் சுற்றி வேலி போட்டு 'கலகூட்டா குடியரசு' என்று பெயர் வைத்திருந்த இடத்துக்குள் ஆயிரம் சிப்பாய்கள் வரை புகுந்தார்கள். ஆண்களை அடித்து நொறுக்கினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். 76 வயது ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டியை மாடி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்கள். ஆஸ்பத்திரி, நினைவிழப்பு, பிறகு 1978 ஏப்ரல் 13-ல் மரணம். இதற்குப் பெயர் வயோதிகமா? உங்கள் வீட்டுப் பாட்டியை மாடியிலிருந்து எறிந்தால் காலண்டரை எடுத்து எண்ணிக்கொண்டிருப்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
வீட்டுப் பாட்டியை இழுக்காமல் பேச முடிந்தால் பேசலாம். நீங்களே தேதி கொடுத்துவிட்டீர்கள், நன்றி. 1977 பிப்ரவரி 18-லிருந்து 1978 ஏப்ரல் 13 வரை எவ்வளவு? கிட்டத்தட்ட 14 மாதம். நான் சொன்னது அதுதான். எறிந்தது அயோக்கியத்தனம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொலை என்ற வார்த்தையைப் போடுகிறவர் 14 மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சிப்பாய்களைக் கேலி செய்த 'ஜோம்பி' பாட்டுக்காக வீட்டைக் கொளுத்தினார்கள் என்பதும் பாதிக் கதை. அந்த வீட்டு ஆட்களுக்கும் சிப்பாய்களுக்கும் ரோட்டில் போக்குவரத்துத் தகராறு நடந்ததே, அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

தாளக்காரன்:
ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டீங்களா. தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா இழையிலயும் இப்படித்தான் நாலு நாள் சண்டை போட்டீங்க, பாட்டைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல. ஜோம்பி 12 நிமிஷப் பாட்டு. அதுல டோனி ஆலன் டிரம்ஸ் என்ன பண்றாருன்னு கேட்டிருக்கீங்களா? சிப்பாய் நடையை அப்படியே தாளத்துக்குள்ள கொண்டு வந்து அதையே கேலி பண்றார். குரல் ராணுவ ஆணை மாதிரி ஒவ்வொண்ணா விழும், பொம்பளைங்க கோரஸ் ஒவ்வொண்ணுக்கும் 'ஜோம்பி'ன்னு திருப்பி அடிக்கும். அதுக்குத்தான் அவனுங்களுக்கு எரிஞ்சுது.

வாத்தியார்56:
தாளக்காரன் தம்பி, மகேபா இழையில் நான் தவறாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கணக்குப்பிள்ளைதான் 'பாட்டா பாட்டா' ஒரு டான்ஸ் பாட்டு, அதைப் பாடியவர் எப்படிப் போராளி என்று ஆரம்பித்தார். அதை நான் மறக்கவில்லை.

போக்குவரத்துத் தகராறாம்! ஒரு தகராறுக்கு ஆயிரம் சிப்பாய் வருவார்களா? அந்த மாதம் என்ன மாதம் என்று பாருங்கள். ஃபெஸ்டாக் 77 என்று கறுப்பின மக்களின் உலகக் கலைவிழாவை நைஜீரியா எண்ணெய்ப் பணத்தைக் கொட்டி நடத்தியது. ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை. ஃபெலா அதைப் புறக்கணித்துவிட்டுத் தன் 'ஷ்ரைன்' அரங்கில் ராத்திரி ராத்திரி அரசைக் கிழித்தார். விழாவுக்கு வந்த வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே போய் உட்கார்ந்து கேட்டார்கள். விருந்தாளிகள் முன்னால் மானம் போயிற்று. விழா 12-ம் தேதி முடிகிறது, 18-ம் தேதி வீடு எரிகிறது. ஆறே நாள். இந்த ஆறு நாளை எண்ணத் தெரியாதவருக்கு 14 மாதம் மட்டும் எப்படி எண்ண வருகிறது?

இன்னொன்று. நான் 1980 முதல் 1985 வரை அபியோகுட்டாவில் இயற்பியல் ஆசிரியன். ஃபெலா பிறந்த ஊர், அந்த அம்மா வாழ்ந்த ஊர். இலவசக் கல்வி என்று அறிவித்துவிட்டு ஆசிரியர் போதாமல் கானாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் ஆள் எடுத்த காலம். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:
1980-ல் போனவர் 1977-ஐக் கண்ணால் பார்த்த மாதிரி எழுதுகிறார். சரி, இருக்கட்டும். 14 மாதத்துக்குப் பதில்?

வடமராட்சிப் பெடியன்:
என்ர அப்பாவும் எண்பதுகளில நைஜீரியாவில படிப்பிச்சவர். வடக்குப் பக்கம், கானோவில. எங்கட பக்கத்திலயிருந்து கனபேர் போனவை. அப்பா கொண்டு வந்த பெட்டிக்குள்ள ரெண்டு ஃபெலா கேசற் இருந்தது. எனக்குப் பத்து வயசு. பாட்டு விளங்காது, ஆனா அது முடியவே முடியாது, ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அப்பா அதைக் கேக்கேக்க ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார்.

கணக்குப்பிள்ளை அண்ணை, ஒண்டு கேக்கிறன். அந்த ரெய்டுக்கு அரசாங்கம் வைச்ச விசாரணைக் குழு என்ன சொன்னது? ஆர் செய்தது எண்டு தெரியாது, அடையாளம் தெரியாத சிப்பாய்கள் எண்டு. ஆயிரம் பேர் சீருடையோட, பட்டப்பகலில வந்தவங்கள், ஒருத்தனையும் தெரியாதாம். இப்பிடியான அறிக்கையள நாங்களும் வாசிச்சு வளந்தனாங்கள். அதால எனக்கு உங்கட கணக்கு விளங்கேல்லை.

நீலச்சேலை:
எல்லாரும் அந்த அம்மாவை 'ஃபெலாவின் அம்மா' என்றே எழுதுகிறீர்கள், கவனித்தீர்களா? அவர் பெயரை வாத்தியார் ஒரு தடவை எழுதினார், அவ்வளவுதான். மகன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. 1972-ல் 'லேடி' என்று ஒரு பாட்டு. ஆணுக்குச் சமம் என்று சொல்கிற ஆப்பிரிக்கப் பெண்ணைக் கிண்டல் செய்கிற பாட்டு. 1978-ல் ஒரே நேரத்தில் 27 பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்களைத் திரட்டிப் போராடிய தாயின் வயிற்றில் பிறந்தவர்! அவரைப் புனிதராக்கிக் கும்பிடுவதை நிறுத்துங்கள். 2020 அக்டோபர் 20-ல் லாகோஸ் லெக்கி சுங்கச்சாவடியில் போலீஸ் கொடுமைக்கு எதிராக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மேல் ராணுவம் சுட்டது. அந்தப் போராட்டத்தில் பழைய ஃபெலாவும் ஒலித்தது, இன்றைய அஃப்ரோபீட்ஸும் ஒலித்தது. இவ்வளவு பேச இருக்கும்போது ஏன் 14 மாதத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

தாளக்காரன்:
அஃப்ரோபீட் வேற, அஃப்ரோபீட்ஸ் வேற! அந்த 'ஸ்' போடுறப்பல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்குது. ஹைலைஃப், ஜாஸ், ஃபங்க், யொருபா தாளம் எல்லாம் சேர்ந்து ஃபெலாவும் டோனி ஆலனும் பத்து வருஷம் உட்கார்ந்து செதுக்கினது அஃப்ரோபீட். இப்ப வர்றது கம்ப்யூட்டர்ல மூணு நிமிஷத்துல முடியுற கிளப் பாட்டு.

நீலச்சேலை:
இன்றைய அஃப்ரோபீட்ஸ் பாடகர் பர்னா பாய் மூன்று நிமிடத்தில் பாடினால் அரசியல் இல்லையா? அவருடைய தாத்தா ஃபெலாவின் முதல் மேனேஜராக இருந்தவர், அது தெரியுமா? 'ஸ்' ஒன்றுக்கு இவ்வளவு கோபப்படுகிறவர் 'லேடி' பாட்டுக்கு ஏன் கோபப்படவில்லை? அதிலும் டிரம்ஸ் நன்றாக இருக்கிறது என்பதாலா?

தாளக்காரன்:
தாத்தா மேனேஜரா இருந்தா பேரன் பாட்டு அஃப்ரோபீட் ஆயிடுமா? 'லேடி'யோட வரிக்கு நான் வக்காலத்து வாங்கல. தாளம் பத்தித்தான் பேசறேன், தாளம் பத்தி மட்டும்.

வாத்தியார்56:
நீலச்சேலை அம்மா சொன்னது சரி. பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. அபியோகுட்டாவில் வெள்ளைக்காரன் காலத்தில் பெண்களுக்குத் தனி வரி. வெள்ளைக்காரன் சார்பில் வசூலித்தவர் உள்ளூர் ராஜா அலாகே. சந்தைப் பெண்களைச் சேர்த்து இந்த அம்மா சங்கம் கட்டினார். 1947 கடைசியில் ஆயிரக்கணக்கில் பெண்கள் அரண்மனை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எதைக் கொண்டு போனார்கள்? பாட்டைத்தான். ராஜாவை வசைபாடும் பாட்டுகளை அவர்களே கட்டினார்கள். 1949 ஜனவரியில் அலாகே முடியைத் துறந்து ஊரைவிட்டே போனார்.

நான் குடியிருந்த தெருவில் ஒரு கிழவி ஆதிரே துணிக்குச் சாயம் போடுவாள். நம் ஊர் அவுரி மாதிரியே நீலச்சாயம், முழங்கை வரை நீலம் ஏறிய கை. அந்த அரண்மனை வாசலில் தன் தாயோடு ராத்திரி படுத்திருந்தவள். ஒருநாள் பக்கத்துக் கடை ரேடியோவில் ஃபெலா பாட்டு. கிழவி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "இந்தப் பையன் புதுசா என்ன செய்கிறான், இவன் அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை டிரம் வைத்துச் செய்கிறான்." எனக்கு யொருபா மொழி அரைகுறை. பள்ளிப் பையன் ஒருவன் பெயர்த்துச் சொன்னான். நாற்பது வருஷமாக அந்தக் கிழவியின் முகம் மறக்கவில்லை.

சிப்பாய்கள் ஜன்னல் வழியே எறிந்தது யாரையோ ஒரு பாட்டுக்காரனின் தாயை என்று நினைக்காதீர்கள். ஒரு ராஜாவைப் பாட்டாலேயே இறக்கிய பெண்மணி அவர். நோயாளியாக ஒரு வருஷம் படுத்துக் கிடந்து செத்தால் கொலை இல்லை என்று சொல்ல நாக்கு எப்படி வருகிறது?

கணக்குப்பிள்ளை:
உருக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் பெருமைக்கும் என் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? அவர் பெரியவர். அதை யார் மறுத்தது? உருக்கத்தைக் காட்டிக் கேள்வியை மறைக்கிறீர்கள். சவப்பெட்டிக் கதையும் இதே ரகம். தாயின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அப்போதைய ராணுவ ஆட்சியாளர் ஒபசாஞ்சோவின் வாசலில் வைத்தான் என்று இங்கே எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை 1978-லேயே அபியோகுட்டாவில் கணவர் பக்கத்தில் அடக்கம் பண்ணியாயிற்று. 1979-ல் அவர் இருந்த டோடன் பாரக்ஸ் ராணுவ முகாமுக்குப் போனது உடல் இல்லாத பெட்டி. இதைச் சொன்னால் நான் கெட்டவன்.

வடமராட்சிப் பெடியன்:
வெறும் பெட்டிதான் அண்ணை. ஆனா அதைத் தூக்கிக்கொண்டு போனவங்களுக்கு வாசல்ல துவக்கு நீட்டினவங்கள் வெறும் ஆக்களோ?

வாத்தியார்56:
பெட்டிக்குள் உடல் இருந்தது என்று நான் எங்கே எழுதினேன்? எழுதாததற்குப் பதில் சொல்வது உங்கள் பழைய வழக்கம். ஒபசாஞ்சோ ஆட்சியைச் சிவிலியன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற நேரம். அவரும் அபியோகுட்டாவில் படித்து வளர்ந்த ஆள்தான், ஒரே ஊர்க்காரர்கள். போகிற போக்கில் இதையும் எடுத்துக்கொண்டு போ என்று பெட்டியை வைத்தார் ஃபெலா. அந்தப் பெட்டிக்கு உடல் எதற்கு?

ரெக்கார்டு விற்றான் என்றீர்களே, அதற்கும் சொல்கிறேன். 1982-ல் லாகோஸ் இக்கெஜாவில் புது ஷ்ரைனுக்கு ஒருமுறை போனேன், கூட வேலை பார்த்த கானா நாட்டு ஆசிரியர் கூட்டிப் போனார். நடுராத்திரிக்குப் பிறகுதான் ஆள் மேடைக்கு வந்தார். ஜனங்கள் பழைய பாட்டைக் கேட்டுக் கத்துகிறார்கள், அவர் வாசிக்கவே இல்லை. ரெக்கார்டில் வந்த பாட்டை மேடையில் திரும்ப வாசிப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. எந்த வியாபாரி இப்படிச் செய்வான்? அந்த ரெய்டைப் பற்றிய 'அன்னோன் சோல்ஜர்' (அடையாளம் தெரியாத சிப்பாய்) அரை மணிக்கு மேல் ஓடுகிற ஒரே பாட்டு. அதை எந்த ரேடியோ போடும்?

என்னைக் கூட்டிப் போன அந்த மனிதர் 1983 ஜனவரியில் கானாக்காரர்களை எல்லாம் துரத்தியபோது கட்டம் போட்ட பெரிய பையோடு போனவர், அப்புறம் தகவலே இல்லை. மறு வருஷம் ராணுவத் தளபதி புஹாரி ஆட்சி. எங்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் கேட்டால் நாளை என்பார்கள். அதே வருஷம் ஃபெலாவை விமான நிலையத்தில் பிடித்து, கரன்ஸி கடத்தல் என்று ஐந்து வருஷம் போட்டார்கள். உள்ளே 20 மாதம் இருந்தார். தெருவில் அவர் பாட்டைச் சத்தமாகப் போடவே கடைக்காரர்கள் பயந்தார்கள். இப்போது அந்த சாக்ஸபோன் ஆரம்பித்தாலே எனக்கு அந்தச் சம்பளமில்லாத மாதங்களும் அந்தக் கட்டம் போட்ட பையும்தான் வருகிறது.

நீலச்சேலை:
வாத்தியார் ஐயா, உங்கள் நினைவுகளை மதிக்கிறேன். ஆனால் 'லேடி' பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வாத்தியார்56:
அம்மா, அந்தப் பாட்டு தப்புதான், அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன். இந்த இழை கணக்குப்பிள்ளை சொன்ன பொய்யைப் பற்றியது.

நீலச்சேலை:
பெண்கள் விஷயம் வந்தால் மட்டும் தனி இழை. வேறெதற்கும் தனி இழை கேட்டதில்லையே.

கணக்குப்பிள்ளை:
பொய் என்ற வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும். நான் சொன்ன தேதி சரி, வயது சரி. இவ்வளவு நீளமாக எழுதியும் 14 மாதம் என்பதை அவர் மறுக்கவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும்.

வாத்தியார்56:
திரும்பப் பெற மாட்டேன். ராணுவம் 'அடையாளம் தெரியாத சிப்பாய்' என்றது. நீங்கள் 'வயோதிகம்' என்கிறீர்கள். இரண்டிலும் எறிந்த கை காணாமல் போகிறது. இந்த இழையில் நீங்கள் போட்ட பதிவுகளில் திரும்பத் திரும்ப 14 மாதம் வருகிறது, ஜன்னல் ஒன்றில்கூட வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
முதல் பதிலிலேயே "எறிந்தது அயோக்கியத்தனம்" என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள்.

வாத்தியார்56:
எறிந்தது என்று எழுதினீர்கள். எங்கிருந்து, யாரை, யார்? எழுதுங்கள் பார்ப்போம்.

தாளக்காரன்:
நடுவுல ஒண்ணு. 'அன்னோன் சோல்ஜர்'ல அந்த வீட்டுக்குள்ள என்னென்ன நடந்துச்சுன்னு அவர் ஒவ்வொண்ணா சொல்லிட்டு வருவார் இல்லையா, அந்த இடத்துல பின்னால ஓடுற ரிதம் கிட்டாரை யாராவது கவனிச்சீங்களா? ஹெட்ஃபோன்ல கேளுங்க.

கணக்குப்பிள்ளை:
தாளக்காரன், தயவுசெய்து. அவர் முதலில் 14 மாதத்துக்குப் பதில் சொல்லட்டும்.