முப்பாட்டன் பெயர் கேட்டார்கள், முழித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு இந்த முன்னோரைத் தேடும் கிறுக்கு எங்கே தொடங்கியது?

கூடலூர் மழை எழுதியது:

போன ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போயிருந்தேன். அப்பா போய் இரண்டு வருடம். அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா பெயர் சொன்னேன், தாத்தா பெயர் சொன்னேன், அதற்கு மேல் ஒன்றுமே வரவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. "தெரியலைன்னா பரவாயில்ல, கோவிந்தன்னு சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். எள்ளும் தண்ணீரும் யாரோ ஒரு கோவிந்தனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அறைக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் என் தாத்தாவும் பாட்டியும் அப்பாவும் கப்பலில் வந்து இறங்கியதே அந்த ராமேசுவரத்தில்தான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் இருக்கிறதே, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கணக்காகப் பிரித்தார்களே, அதில் இந்தப் பக்கம் தள்ளப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். அப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. கப்பலில் பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீடு) பையனோடு சண்டை போட்டது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது, அதையும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அப்பா இருக்கும்போது நான் அதைத் தொட்டதே இல்லை, அது வேறு கதை. உள்ளே குடும்ப அட்டை, தேயிலை நிறுத்த பழைய சீட்டு இரண்டு, ஒரு கொலுசின் பாதி. அட்டையில் தாத்தாவின் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கரையான்.

தோட்டத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பாட்டி எப்போதும் "நம்ம புதுக்காட்டுல" என்றுதான் பேசுவார். ஆனால் கணக்கிலும் கடிதத்திலும் புதுக்காடு என்று எந்தத் தோட்டமும் இல்லை. வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பெயரைத் தோட்டத்துக்கு வைப்பான், வேலை செய்தவர்கள் தங்களுக்குத் தோதாக ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெர்குசன் டைரக்டரி என்று கொழும்பில் அந்தக் காலத்தில் அச்சடித்தது ஒன்று உண்டு, அதில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களுக்குத் தனிப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதை மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். புதுக்காடும் புதுத்தோட்டமுமாக ஒன்றுக்கு மேல் வருகிறது. பாட்டி ரயிலுக்கு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போவார்களாம், அதை வைத்து ஒருவழியாக ஒன்றைக் குறித்திருக்கிறேன். அதுவும் உறுதியில்லை.

ஆனால் ஒன்று அகப்பட்டது. பாட்டி திங்களும் வெள்ளியும் மட்டும்தான் சாமிக்கு விளக்கேற்றுவார். செவ்வாய்க்கிழமை யாராவது ஏற்றினால் "அவ இன்னிக்கு இங்க இருக்க மாட்டா" என்று திட்டுவார். யார் அந்த அவள், எங்கே போகிறாள், எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா உட்பட. கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தே ஆள் கட்டிக்கொண்டு போவார்கள், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் அதிகம் என்பதால் அந்தப் பக்கத்துக் குலதெய்வங்களை விசாரித்துக்கொண்டே வந்தேன். பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். நான் போனது புதன்கிழமை. நடை சாத்தியிருந்தது. எதிரே பூக்கடை அம்மா, "திங்கள் வெள்ளிதான் தம்பி தொறப்பாங்க, மத்த நாள்ல அவ செல்லியம்மனோட மலைக்குப் போயிருவா" என்றார். ரோட்டோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடலைத் தாண்டிப் போய், நானுஓயா மலையில் ஏறி, திரும்பக் கப்பலில் வந்து, கூடலூர் மழையிலும் பாட்டி அந்தக் கிழமையை மாற்றவில்லை.

ஊர் அந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. முப்பாட்டன் பெயர் மட்டும் இன்னும் இல்லை. பாட்டியிடம் கேட்டிருக்கலாம். கேட்டோம்தான், "பெரியவர் பேரு உனக்கெதுக்கு" என்று முடித்துவிடுவார். அவர் பேச்சே ஒரு தினுசு. எங்கள் நாயை "இருட்டு நாய்" என்றுதான் கூப்பிடுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். வேலை வெட்டியை விட்டுவிட்டு இதன் பின்னால் ஏன் அலைகிறோம்?

வடாற்காடு வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் தேடினவன் இல்லை, தேடி வந்தவர்களைப் பார்த்தவன். ஓய்வுபெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து புருஷன், பெண்டாட்டி. எழுபதை ஒட்டிய வயது. கையில் ஒரு தாள். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் நின்றது தொடங்கி 1911 வரை 1,52,184 பேரை அங்கே கரும்புக்கும் மற்றதுக்கும் கூலிகளாகக் கொண்டுபோனார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரை வைத்து எடுத்த பக்கம் அது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம்.

ஊர்ப் பெயரை எழுதினவனுக்குத் தமிழ் தெரியாது போல. அந்த எழுத்தை எப்படிப் படித்தாலும் குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் நாலு ஊருக்குப் பொருந்தும். ஏற்கெனவே இரண்டு ஊரில் இறங்கிப் பார்த்துவிட்டு மூன்றாவதாக எங்களிடம் வந்திருந்தார்கள். புருஷனுக்குத் தெரிந்த தமிழ் "தண்ணி", "அம்மா", "போதும்". நான் ஆங்கில வாத்தியார், அதனால் பேச்சு ஓடியது. அடையாளம் என்ற இடத்தில் "இடது முழங்காலில் தழும்பு" என்று இருந்தது. அவர் அதை மட்டும் திரும்பத் திரும்ப விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது, எங்கள் ஆளின் உடம்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்" என்றார். சின்ன வயசில் எங்கேயோ விழுந்திருப்பார், இந்த ஊர் ஏரிக்கரையிலா, கிணற்றுப் படியிலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் என்ன சொல்ல? ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பக்கத்து வீட்டுக் கிழவி மோர் கொடுத்தாள், கொடுத்த கையோடு "எந்தத் தெரு ஆளுங்களாம்?" என்று என்னிடம் கேட்டாள். தாளில் அந்த விவரமும் இருந்தது. நான் படித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மோர் அதே டம்ளரில் வந்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அவர்களை அவர்கள் சந்தோஷத்தோடேயே அனுப்பிவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

நெல்லைச் சீமை எழுதியது:

எங்களுடையது சுருக்கம். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன், கொள்ளுப்பாட்டியின் கிறிஸ்தவப் பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயர் "இசக்கி" என்று இருந்தது. என் மகளுக்கு வீட்டுப் பெயர் இப்போது இசக்கி. மாமியார் ஒரு மாதம் பேசவில்லை.

பத்திரம் படிப்பவள் எழுதியது:

எனக்கு ஆர்வமெல்லாம் இல்லை, தலையெழுத்து. அப்பா நிலத்தை விற்கப் போனோம், வாங்குகிறவர் வக்கீல் மூலப்பத்திரத்திலிருந்து எல்லாம் வேண்டும் என்றார். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 1991-ல் ஒரு விடுதலைப் பத்திரம், பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். நகல் எடுத்தேன். பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, அதற்கு முன்னாடியே கல்யாணம் ஆனவர்களுக்கு 2005 வரை அது பொருந்தவில்லை, இருந்தாலும் எதற்கு வம்பு என்று ஊரெல்லாம் அக்கா தங்கைகளைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கிய காலம் அது. எங்கள் பத்திரத்தில் மூன்று பெண்கள் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அத்தை இரண்டு பேர்.

நகலை வைத்துக்கொண்டு எத்தனை தடவை எண்ணியிருப்பேன் தெரியுமா. மூத்த அத்தை கைநாட்டு, இரண்டாவது அத்தை கோணல்மாணலாகப் பெயர். மூன்றாவது பெயர் மட்டும் முத்து முத்தான எழுத்து, இனிஷியல் தாத்தாவுடையது. கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும், வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று வீட்டில் பெயரையே எடுக்காமல் விட்ட பிறகும், அந்த மனுஷி தன் அப்பா எழுத்தைத்தான் முன்னால் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாள். பெற்றுக்கொண்ட தொகை ரூபாய் 1,000.

அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை மடித்தார், எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அவ்வளவுதான் பதில். அந்த அத்தை இருப்பது திருப்பூரில், எங்கள் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பஸ். போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தவர் என்னை யார் என்று கேட்கவே இல்லை, "சாப்பிட்டியா" என்றார். அப்பாவின் மூக்கு அப்படியே அவர் முகத்தில். இப்போது மாதம் ஒரு தடவை போகிறேன். அப்பாவுக்குத் தெரியும், தெரியாதது போல் இருக்கிறார். போன வாரம் "அங்க போறியா" என்று கேட்டு ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தார்.

ரங்கூன் தெரு எழுதியது:

என் தாத்தா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அவருக்கு மட்டும் எப்போதும் இரண்டு ஜோடிச் செருப்பு இருக்கும், ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று கட்டிலுக்கு அடியில். அதைக் கேட்காமல் விட்டதுதான் என் கதை.

சும்மா ஒரு ஆள் எழுதியது:

எல்லாம் உருக்கமாக இருக்கிறது, கொஞ்சம் கசப்பும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பெரியப்பா பையனும் இப்படித்தான் தொடங்கினான். ஆறு மாதத்தில் செப்பேடு, கல்வெட்டு, ஒரு ராஜா, கடைசியில் நாங்கள் ஆண்ட பரம்பரை. எல்லோரும் ஆண்டால் யாரப்பா ஏர் பிடித்தது? அவன் போட்ட வம்சாவளிப் படத்தில் பதினோரு தலைமுறை ஆம்பளைகள், ஒரு பொம்பளை பெயர்கூட இல்லை, எல்லோரும் வாழைக்கன்று மாதிரி தானாக முளைத்தவர்கள். எச்சில் துப்பி அமெரிக்காவுக்கு அனுப்பி டிஎன்ஏ வேறு பார்த்தான். தெற்காசியன் என்று வந்தது. அதற்கு அத்தனை ஆயிரம் ரூபாய்.

அதனால் எனக்கு இந்தத் தேடலே ஒவ்வாது. ஆனால் கூடலூர்க்காரரே, உங்கள் பதிவை இரண்டாம் தடவை படித்தபோது ஒன்று தோன்றியது. அந்தக் காலத்து மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். பெயரை மட்டுமில்லை, அந்தப் பெயர் மாதிரி ஒலிக்கிற சொல்லையும் சொல்ல மாட்டாள். எங்கள் ஆயாவுக்கு மாமனார் பெயர் பழனி, கடைசி வரை பழம் என்று சொன்னதில்லை, "தின்கிறது" என்பாள். உங்கள் பாட்டி ஏன் அது "இருட்டு நாய்"? அந்த நாய் என்ன நிறம்?

கூடலூர் மழை எழுதியது:

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி பத்தரைக்கு சேரம்பாடியில் இருக்கும் சின்ன அத்தையை எழுப்பிவிட்டேன். யாருக்கு என்னாச்சு என்று பதறிப்போய்விட்டார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "ஆமாடா, கருப்பட்டிய அம்மா 'பனைக்கட்டி'ம்பாங்க. கருப்புச் சீலைய 'ராச்சீலை'ம்பாங்க. தோட்டத்துல கருப்பண்ணசாமி கோயிலுக்குப் போறதுன்னாக்கூட 'எல்லைச்சாமிக்குப் போறேன்'னுதான் சொல்லுவாங்க. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு, இப்பதான்டா தோணுது."

கருப்பண்ணனா, கருப்பையாவா, வெறும் கருப்பனா, அது இன்னும் தெரியாது. தை அமாவாசைக்கு ராமேசுவரம் டிக்கெட் போட்டாயிற்று. அத்தையும் வருகிறேன் என்கிறார்.