விக்குன்யா கம்பளி: மிருகத்த கொன்னுதான் எடுக்கறாங்களா?

ஊசிநூல்: நான் வீட்ல ஸ்வெட்டர், மஃப்ளர் பின்னுறவ. அல்பாக்கா (தென் அமெரிக்காவுல கம்பளிக்காக வளக்கற மிருகம்) நூல் தெரியும், அதே பக்கத்து மலைல திரியற, ஒட்டக வகைய சேந்த இந்த விக்குன்யாவோட கம்பளி இப்பதான் கண்ணுல பட்டுச்சு. ஒரு மஃப்ளரே லட்சத்துல போகுது, தலை சுத்திடுச்சு. ஷாதூஷ் சால்வைக்காக திபெத் மான கொன்னு குவிச்சாங்கன்னு படிச்சதுல இருந்து மனசு கேக்கவே மாட்டேங்குது. இதுவும் அப்படித்தானா? ஆடு மாதிரி வளத்து வெட்ட முடியாதா?

மலைவாசம்: கொல்றதில்லைங்க, உயிரோடதான் வெட்டறாங்க. தென் அமெரிக்காவுல பெரு நாட்டுல ஆயகுச்சோ பக்கம் பம்பா கலேராஸ்ல நேர்லயே பாத்தேன். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம், பத்தடி வச்சா மூச்சு வாங்குது. ஊரே கலர் துணி கட்டின நீள கயித்த புடிச்சிட்டு மெதுவா மெதுவா நடந்து மந்தைய வளைச்சு பட்டிக்குள்ள கொண்டு போறாங்க, அந்த மலைய பழங்காலத்துல ஆண்ட இன்கா மக்கள் காலத்துல இருந்து வர்ற வழக்கம், 'சாக்கு'ன்னு பேரு. கட்டி படுக்க வச்சு மெஷின்ல முதுகு, விலா முடிய மட்டும் எடுத்துட்டு அவுத்து விட்டாங்க, அது ஒரே ஓட்டம்! ஒரு மிருகத்துக்கு 200 கிராம் சொச்சம்தான் தேறும், அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. கைல வாங்கி பாத்தேன், கனமே தெரியல, கொஞ்ச நேரத்துல உள்ளங்கை சூடாயிடுச்சு. முடி 12-13 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), பஷ்மினாவ விட மெல்லிசு. நடுவுல இருக்கற முரட்டு முடிய பொம்பளைங்க உக்காந்து ஒவ்வொண்ணா கையால பிரிக்கறாங்க. விலை ஏன்னு அங்க புரிஞ்சுது.

கல்தச்சன்: முன்னாடி சுட்டுதான் எடுத்தாங்க சகோ. 1960கள்ல சில ஆயிரம்தான் மிச்சம். 1967ல பம்பா கலேராஸ சரணாலயமாக்கி, 1975ல உலக வியாபாரத்தையும் தடை பண்ணாங்க. அப்புறம் உயிரோட வெட்டி விக்கற உரிமைய மலை கிராமங்களுக்கே குடுத்தாங்க, அதுல இருந்து ஊர்க்காரங்களே காவல். இன்னிக்கி பெருவுல மட்டும் 2 லட்சத்துக்கு மேல இருக்கு. ஆனா திருட்டு வேட்டை இன்னும் ஒழியல, கடை விலைல கிராமத்துக்கு போய் சேர்றதும் ரொம்ப கம்மி, எனக்கு அதுதான் ஆறல. வாங்கறதா இருந்தா லேபிள்ல விக்குன்யான்னும் எந்த நாட்டுதுன்னும் இருக்கான்னு பாருங்க.

வளக்கறது பத்தி கேட்டீங்கல்ல, இது இன்னும் காட்டு மிருகம்தான், ஆடு மாதிரி வீட்டு மிருகம் இல்ல. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி இத பழக்கித்தான் அல்பாக்காவே வந்துச்சுன்னு டிஎன்ஏ ஆராய்ச்சி சொல்லுது.

ஊசிநூல்: அப்ப என் கைல இருக்கற அல்பாக்கா நூல் இதோட வம்சமா! ரொம்ப நன்றிங்க, அக்கா குழந்தைக்கு தொப்பி அதுலயே பின்னிடறேன்.