டொராண்டோ குளிரும் நம் தலைமுடியும்: புதிதாக வந்தவர்களுக்கு

ஆகஸ்டில் வந்து இறங்குகிறவர்கள் நவம்பர் பிறந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, இந்த ஊர்த் தண்ணீரா, குளிரா?" டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் 11 குளிர்காலங்களைக் கழித்துவிட்டேன். தண்ணீரைத் திட்டாதீர்கள். இங்கே குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரியின் நீர். கடினத்தன்மை மிதம்தான், சென்னையில் போர்வெல் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. குளிரையும் பாதிதான் குற்றம் சொல்ல முடியும். முடியைக் காயவைப்பது வீட்டுக்குள் நாம் போட்டுக்கொள்ளும் ஹீட்டர்.

மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை கேட்கும். கையில் இருப்பதோ அந்த ஒரு கிராம். அந்தத் தாகத்தை நம் உதட்டிலும் தோலிலும் முடியிலும் தீர்த்துக்கொள்கிறது. ஸ்வெட்டரைக் கழற்றும்போது முடி சடசடவென்று எழுந்து நிற்பதும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று அடிப்பதும் இதனால்தான்.

ஆகவே விலை உயர்ந்த ஷாம்பு வாங்க ஓடாதீர்கள். முதலில் ஈரப்பதத்தைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்குங்கள். 30 முதல் 40 சதவீதம் காட்டினால் போதும். அதற்குக் கீழே போனால் படுக்கையறையில் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் வையுங்கள். இப்போதே செலவு வேண்டாம் என்றால் துவைத்த துணிகளை ட்ரையரில் போடாமல் அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துங்கள். பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறவர்கள் மட்டும் கவனம்: ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய கழுத்துள்ள பாட்டிலை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, முதல் மாதம் முழுவதும் அதைத் தலைகீழாகக் குலுக்கிக்கொண்டிருந்தேன். வாயகன்ற டப்பாவில் மாற்றிக்கொண்டால் கரண்டியால் எடுக்கலாம், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும். அதை எப்போது தேய்க்கிறோம் என்பதுதான் முக்கியம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்தால், முடியின் உள்ளே இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். ஊரில் போல எண்ணெய் வழியப் பின்னிக்கொண்டு கிளம்பினால் உல்லன் தொப்பியும் கோட்டுக் காலரும் பிசுக்கேறிப் போகும், வேறு பலன் இல்லை. நல்லெண்ணெய் இந்த வீட்டுச் சூட்டில் உறையாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விடவில்லை. விட்டது சாம்பிராணியைத்தான். ஒருமுறை போட்டுப் பார்த்தேன், புகை எச்சரிக்கைக் கருவி அலறி, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிட்டார்கள். சீயக்காய்த் தூளையும் யோசித்துப் போடுங்கள், குளியல் தொட்டியின் வடிகால் அடைத்துக்கொள்ளும்.

பொடுகு இருந்தால் எண்ணெய் வேண்டாம். தலை வறண்டு மாவு போல உதிர்வது வேறு. மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும் செதில் வேறு. இரண்டாவது வகையில் பங்குள்ள பூஞ்சை, தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்றே வளர்கிறது. அதற்கு மருந்துக் கடையில் பொடுகு ஷாம்பு கேட்டு வாங்குங்கள். தலையில் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும்.

முதல் ஜனவரியில், காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டியும் துவட்டாமலும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் வருவதற்குள் தொப்பிக்கு வெளியே தொங்கிய முடி துடைப்பக்குச்சி போல விறைத்துவிட்டது. வளைத்தால் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் வண்டி முழுக்கக் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஈர முடி எப்போதுமே பலவீனமானது. இரவிலேயே குளித்துவிடுங்கள், வாரம் இரண்டு முறை போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். தொப்பிக்குள் பழைய பட்டுத் துணியை உள்பக்கமாகத் தைத்துக்கொண்டால் உரசல் குறையும். நீளமான கூந்தலுக்குத் தளர்வான ஒற்றைப் பின்னலுக்கு மேல் ஒரு பாதுகாப்பு கிடையாது.

இத்தனை செய்தும் கொட்டினால்? ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். அதைவிட அதிகம் என்றால் நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். உடலோ மனமோ பெரிதாக அடிபட்டால், முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். வீட்டைக் காலி செய்தது, விமானம், வேலை தேடியது, அரைகுறைச் சாப்பாடு: ஆகஸ்டின் கணக்கை முடி நவம்பரில் தீர்க்கிறது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ குடும்ப மருத்துவரிடம் போய் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி பரிசோதனையை ஒன்டாரியோ அரசுக் காப்பீடு சில நோய்களுக்கு மட்டுமே ஏற்கும், மற்றவர்களுக்குக் கைக்காசுதான்.

எனக்கு அந்த ஏப்ரலில் நெற்றியோரம் குட்டை குட்டையாகப் புது முடிகள் நிமிர்ந்து நின்றன. அவற்றைப் படியவைக்க அலுவலகத்துக்குப் போகிற அவசரத்தில் நான் பட்ட பாடு தனிக்கதை.