உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவை ரத்து செய்யச் சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?

பவர்டேபிள், திருப்பூர்:

தொழிலில் எடுத்த கஷ்டமான முடிவு எது என்று கேட்டால் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி போட்ட கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது, இழக்க ஒன்றும் இல்லாத வயசு. கஷ்டம் 2024 மார்ச்சில் ஒரு போனில் வந்தது.

நான் எடுத்துச் செய்வது பனியன் ஜாப் ஒர்க். கட்டிங் முடிந்து பீஸ் வரும், ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷினில் ஓட்டி, செக்கிங் பார்த்துத் திருப்பி அனுப்பினால் என் வேலை முடிந்தது. என் தலைவலி எல்லாம் சனிக்கிழமைதான். இங்கே வாரச் சம்பளம், சனி சாயங்காலம் டெய்லர் கையில் பணம் இருக்கணும், இல்லையென்றால் திங்கட்கிழமை அவர் அடுத்த வீதி கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு வரவேண்டிய பணமோ தொண்ணூறு நாள், சில சமயம் அதற்கும் மேலே. இதற்கு நடுவில் பில் போட்டதற்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி வேறு. உனக்குப் பணம் வந்ததா என்று போர்ட்டல் கேட்காது.

இந்த நிலைமையில்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தது. 2023 பட்ஜெட்டில் கொண்டுவந்தார்கள், 2023-24 கணக்கிலிருந்து அமல். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு யூனிட்டுக்குத் தரவேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் தரணும். கெடு தாண்டி, மார்ச் 31-க்கும் பாக்கி நின்றால் வாங்கியவர் அதை அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். எங்கள் லைனில் எல்லோருக்கும் ஒரே குஷி, இனிமேல் யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று.

அப்புறம்தான் அந்த போன். எனக்கு முக்கால்வாசி வேலை கொடுத்துக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் தம்பி. ரொம்ப மரியாதையாகவே பேசினார். "அண்ணா, உத்யம் சர்ட்டிபிகேட்டை கேன்சல் பண்ணிட்டு ஒரு லெட்டர் குடுத்திருங்ணா, எல்லா ஜாப் ஒர்க்காரங்களுக்கும் சொல்லிட்டோம்." பண்ணலைன்னா என்று கேட்டேன். "மீடியம் யூனிட்டுக்கு குடுத்துக்கலாம்னு எம்.டி. சொல்றாருங்ணா." நடுத்தர நிறுவனங்கள் இந்தக் கெடுவுக்குள் வராது, அதனால் அது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரிந்தது.

பேங்கில் விசாரித்தேன். என் கடன் சொத்து அடமானம் இல்லாமல் சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசுத் திட்டத்தின் கடன் உத்தரவாதத்தில் வாங்கியது, ரினீவலுக்கு உத்யம் கட்டாயம் என்றார்கள். ஆனால் முடிவெடுக்க வைத்தது பேங்க் இல்லை, என் மனைவியின் நோட்டு. எந்தப் பார்ட்டி எந்தத் தேதியில் பணம் கொடுத்தது என்று வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். பத்து லட்சம் மூன்று மாசம் வெளியே நின்றால், பேங்க் ஓவர்டிராப்ட் வட்டி 12 சதவீதம் என்றாலே முப்பதாயிரம் போச்சு. பெரிய பார்ட்டி பீஸுக்குக் கூடுதலாகக் கொடுத்த ரேட்டை இந்த வட்டி தின்றுகொண்டிருந்தது. வாராவாரம் பணம் தரும் உள்ளூர் ஜட்டி பனியன் பார்ட்டியை இத்தனை நாள் "சின்ன ரேட்" என்று நாங்கள் மதிக்கவே இல்லை, நோட்டில் பார்த்தால் அவர்தான் நின்றார்.

ரத்து செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதமே பீஸ் வரத்து நின்றது. வாடகை மிஷின்களைத் திருப்பிக் கொடுத்தோம், டெய்லர்கள் கொஞ்சம் பேர் போனார்கள், அவர்களில் ஒரு அக்கா ஆரம்பத்திலிருந்து எங்களோடு இருந்தவர். "உங்க வீம்புக்கு எங்க பொழப்பா தம்பி?" என்று நேராகவே கேட்டார். அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. உள்ளூர் பார்ட்டிகளை வைத்து இப்போது ஓடுகிறது, பழைய அளவு இல்லை. முன்பெல்லாம் பணம் கேட்டு போன் செய்தால் அவர்கள் வீட்டு நலன் எல்லாம் விசாரித்து முடித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவேன். இப்போது முதல் வாக்கியத்திலேயே பில் நம்பரைச் சொல்லிவிடுகிறேன்.

கோவை லேத்:

நான் ரத்து செய்தவன். முதுகெலும்பு இல்லாதவன் என்று எழுதுகிறவர்கள் எழுதுங்கள், பரவாயில்லை.

பம்பு பாகம் கடைசல் வேலை, எனக்கு ஒரே பார்ட்டி. அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான். 2020 லாக்டவுனில் வேலையே நடக்காதபோது, கேட்காமலேயே அட்வான்ஸ் அனுப்பிய ஆள் அவர், 45 நாள் சட்டத்தைக் காட்டி அவரிடம் மல்லுக்கட்ட எனக்கு மனசு வரவில்லை. பவர்டேபிள் அண்ணனுக்கு மாற்றுப் பார்ட்டி இருந்தார், நோட்டு இருந்தது. எனக்கு இருந்தது பழக்கம் மட்டும்தான்.

ஆனால் சும்மா கொடுக்கவில்லை. லெட்டரை பையில் வைத்துக்கொண்டே போய் உட்கார்ந்து, மாதாமாதம் பத்தாம் தேதிக்குப் பணம் வரணும், கார்பைடு இன்சர்ட் (கடைசல் கத்தியின் முனை) செலவை நீங்கள் ஏற்கணும் என்று இரண்டு கேட்டேன். அதற்கு முன்னால் அவர் எதிரில் உட்கார்ந்து நான் எதையும் கேட்டதே இல்லை, நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிடுவேன். இரண்டுக்கும் சரி என்றார்.

ஆடிட் ஆபீஸ்:

இரண்டு பேர் சொன்னதிலும் விடுபட்டது ஒன்று. 43பி(எச்) வாங்குகிறவரின் வரிக் கணக்கு சம்பந்தப்பட்டது. தாமதத்துக்கு வட்டி என்பது அதற்கு முன்பே 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தில் இருக்கிறது: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அரசு போர்ட்டலில் புகார் போடலாம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் அப்பீல் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்டணும். இவ்வளவு பல் இருந்தும் எங்கள் கிளையண்டுகள் புகார் போடுவது பெரும்பாலும் உறவு முறிந்துபோன பார்ட்டிகள் மேல்தான், காரணம் உங்களுக்கே தெரியும். இன்னொன்று, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் இருந்தாலும் இந்தக் கெடு பொருந்தாது, ஜாப் ஒர்க்குக்குப் பொருந்தும். இங்கே படித்துவிட்டுக் கடைக்காரர்கள் சண்டைக்குப் போகவேண்டாம்.

பவர்டேபிள், திருப்பூர்:

கோவை அண்ணா, யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அட்வான்ஸ் அனுப்பிய ஆள் இருந்திருந்தால் நானும் லெட்டர் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்தப் பத்தாம் தேதியை எழுத்தில் வாங்கினீர்களா?

கோவை லேத்:

வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்தது, அவ்வளவுதான். தீபாவளி மாசம் மட்டும் தள்ளிப் போச்சு, நானே கூப்பிட்டுக் கேட்டேன்.