எந்த மருந்துக்கு என் சொரியாசிஸ் கேட்கும்?

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அண்ணனுக்கும் எனக்கும் சொரியாசிஸ் உண்டு. வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில் அண்ணனுக்கு நான்காவது மாதத்திலேயே முதுகும் முழங்கைகளும் தெளிந்துவிட்டன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் எனக்கும் அது கேட்கும் என்று வீட்டில் அனைவரும் நம்பினோம். மருத்துவர் மட்டும் பதினாறு வாரங்கள் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றார். அந்த நாள் வந்தபோது, தலை, கைகள், உடல், கால்கள் என்று தனித்தனியாகச் சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தார். 18 ஆக இருந்த என் பாசி (PASI, சொரியாசிஸின் பரப்பையும் கடுமையையும் அளக்கும்) மதிப்பெண் 14-க்குத்தான் இறங்கியிருந்தது. குறைந்தது 75 விழுக்காடு குறைந்தால்தான் அதை நல்ல பலன் என்று கொள்வார்கள்.

பிறகு காசநோய்ப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு செகுகினுமாப் ஊசியைத் தொடங்கினோம். நான்காவது ஊசி போட்ட வாரத்தில் ஒரு நாள் காலை, அம்மா என் படுக்கை விரிப்பை மாடியில் உதறினார். வழக்கமாக வெயிலில் தவிடு போலப் பறக்கும் செதில் அன்று பறக்கவில்லை. அம்மா விரிப்பைத் திருப்பிப் போட்டு, இன்னொரு முறை உதறிப் பார்த்தார்.

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்குக் கொடுத்தது உஸ்டெகினுமாப் என்ற ஊசி. அதன் அளவு 100 கிலோ வரை உள்ளவர்களுக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் 90 என்பது எனக்கு அப்போது தெரியாது. எடை கேட்டபோது, கூச்சத்தில் பழைய கணக்கையே சொல்லிவிட்டேன். பலன் அரைகுறையாக நின்ற பிறகுதான் எடை பார்த்தார்கள், 107. தயவுசெய்து எடையை மறைக்காதீர்கள்.

தோல் மருத்துவராகப் பணியாற்றும் ஓர் உறுப்பினர்:

எடை கூடினால், மேலே சொன்ன இரண்டு ஊசிகளைப் போல உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரி மருந்துகளில் பெரும்பாலானவற்றின் பலன் குறையும் என்பதும், முன்பே ஓர் உயிரி மருந்து தோற்றவர்களிடம் அடுத்தது சற்றுக் குறைவாகவே வேலை செய்யும் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தவை. எச்எல்ஏ-சி 06:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு உஸ்டெகினுமாப் விரைவாகவும் நன்றாகவும் கேட்கிறது. நுண்ணூசிகள் பதித்த சிறு ஒட்டுப்பட்டையைத் தோலில் அழுத்தி, அதில் ஒட்டும் ஆர்.என்.ஏ.வை (எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் மூலக்கூறு) படித்து எந்த வகை மருந்து பொருந்தும் என்று கணிக்கும் சோதனையும் அமெரிக்காவில் வந்துள்ளது. இருந்தாலும், இருபதாண்டு நோயும் பருத்த உடலும் புகைப்பழக்கமும் கொண்ட ஒருவரிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று நானே சொல்லி, மூன்றே மாதத்தில் அவர் தோல் முழுவதும் தெளிந்ததைக் கண்டிருக்கிறேன். அவர் மனம் தளராமல் ஊசியைத் தொடர்ந்தது நல்லதாயிற்று. அன்று முதல் அந்தச் சொற்களை நான் யாரிடமும் சொல்வதில்லை.

மருந்து மாற்ற வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முந்தைய மருந்து தொடக்கத்திலிருந்தே கேட்கவில்லையா, அல்லது நன்றாகக் கேட்டுப் பின்னர் நின்றதா? பின்னதில், அந்த மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கக்கூடும் என்பதால் அதே வகையில் வேறொன்றைக்கூட முயலலாம். முன்னதில் வகையையே மாற்றுவேன். ஆகவே மருந்தின் பெயர், அளவு, எத்தனை வாரம், நிறுத்திய காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.