அரக்கு வரைக்கும் பைக் ட்ரிப், நடு ஹைவேல டயர் படுத்துச்சுனா என்ன பண்றது?

காலடிப்பேட்டை_350:
வணக்கம் மக்களே. பொங்கல் லீவுல மூணு வண்டி ஆந்திரால இருக்கற அரக்கு மலைக்கு போறோம். திருவொத்தியூர்ல கிளம்பி டிபிபி ரோடு புடிச்சு மீஞ்சூர், பொன்னேரி தாண்டி பஞ்செட்டில ஹைவே ஏறி அப்படியே நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, ராஜமுந்திரி, வைசாக், அங்கருந்து மலை. என்னோடது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஸ்போக் வீல், பின்னாடி வீட்டுக்காரம்மா, அதுக்கும் பின்னாடி லக்கேஜ். மத்த ரெண்டும் பல்சர், அதுல ஒண்ணு ரொம்ப பழசு. டெய்லி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல வேலைக்கு போறவன் நான், அதனால ஆணி, கம்பி, பஞ்சர் எல்லாம் புதுசு இல்ல, ஆனா இங்க தெருவுக்கு ஒரு கடை இருக்கு, அங்க நைட்ல ஓங்கோல் தாண்டி நின்னுட்டோம்னா? ஆன்லைன்ல பஞ்சர் கிட்னு ஒண்ணு பாத்தேன், கயிறு மாதிரி ஸ்ட்ரிப், துளை போடுற கம்பி, பசை எல்லாம் வருது, அத வாங்கிட்டா போதுமா? அப்புறம் டயர்ல பட்டன், அதான் ரோட்ட புடிக்கற அந்த ரப்பர் கட்டைங்க, இன்னும் இருக்கு, மாத்தணுமா வேணாமா?

மீஞ்சூர்_ரைடர்:
ப்ரோ அந்த கிட் உங்க வண்டிக்கு வேலைக்கே ஆகாது. அது ட்யூப்லெஸ்க்கு. ட்யூப்லெஸ்ல காத்த அடைச்சு வெச்சிருக்கறது டயரே, அதனால ஓட்டைல ஸ்ட்ரிப்ப சொருகுனா முடிஞ்சுது. உங்களுக்கு ஸ்போக் வீல், காத்து உள்ள ட்யூப்ல இருக்கு, வெளிய டயர்ல என்னத்த சொருகுனாலும் ட்யூப்ல இருக்கற ஓட்டை அப்படியேதான் இருக்கும், இன்னும் சொல்லப்போனா அந்த கம்பியே உள்ள போய் இன்னொரு ஓட்டை போடும். அந்த பழைய பல்சரையும் பாத்துக்கோங்க, அலாய் வீல் இருந்தா ட்யூப்லெஸ்னு எல்லாரும் நெனைக்கறாங்க, பழைய வண்டிங்கள்ல அலாய்க்குள்ளயும் ட்யூப்தான். டயர் சைடுலயே ட்யூப்லெஸ்ஸா ட்யூப் டைப்பான்னு அச்சடிச்சிருக்கும். அதுலயும் ஒரு குழப்பம், சிலர் ட்யூப்லெஸ் டயர வாங்கி உள்ள ட்யூப் போட்டு ஓட்டுவாங்க, சந்தேகமா இருந்தா கடைல கேட்டுருங்க. ட்யூப்லெஸ் வண்டிக்கும் ஸ்ட்ரிப் ஊர் போய் சேர்ற வரைக்கும்தான், அப்புறம் டயர கழட்டி உள்பக்கமா மஷ்ரூம் பேட்ச், அதான் காளான் மாதிரி தலையோட இருக்கற ரப்பர் அடைப்பு, போட்டுடணும். சைடு சுவத்துல கிழிஞ்சா எந்த கிட்டும் உதவாது.

டயர் பத்தி கேட்டீங்க. சைடுல டிடபிள்யூஐனு எழுதியோ இல்ல ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும், அதுக்கு நேரா பட்டன் நடுவுல குட்டி மேடு தெரியும், தேஞ்சு அந்த மேட்டுக்கு வந்துட்டா டயர் முடிஞ்சுது. சட்டப்படி டூவீலருக்கு 0.8 மிமீ இருந்தா போதும், ஆனா பின்னாடி ஆள், லக்கேஜோட மலை ஏறப்போறவங்க அந்த கணக்குல கிளம்பாதீங்க. சைடுலயே நாலு நம்பர் ஒண்ணு இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுனு அர்த்தம். பட்டன் இருக்குதான், ஆனா ரப்பர் காஞ்சு சைடுல வெடிப்பு விட்டிருந்தா மாத்திடுங்க.

தண்டையார்பேட்டை_டயர்கடை:
இன்னாபா, மூணு வண்டிலயும் எவனுக்காவது பின்னாடி வீல் கழட்டத் தெரியுமா? அத மொதல்ல சொல்லு. ஹைவேல கடை இல்லாம இல்ல, ஒரு கம்பத்துல லாரி டயர் தொங்குச்சுனா அது கடை, தெலுங்கு படிக்கத் தெரியணும்னு இல்ல. ஆனா அது லாரிக்கு உண்டான கடை நைனா, பேட்ச் ஒட்டிக் குடுப்பான், ஒட்டவே முடியாம வால்வு அடில பிஞ்சுட்டு இருந்தா உன் சைஸ் ட்யூபுக்கு அவன் எங்க போவான்? சில பேரு வீல நீயே கழட்டி எத்துனு வாம்பாங்க. அதுக்குதான் ட்யூப் கைல வெச்சுக்கணும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குதே ஜி.பி. ரோடு, அங்க நல்ல ட்யூபா வாங்கு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. இடம் இல்லனா முன்னாடி 19 இன்ச் ட்யூப் ஒண்ணு மட்டும் எத்துக்கோ, அவசரத்துக்கு பின்னாடி 18லயும் போட்டு ஊர் வரைக்கும் போலாம். ட்யூபுக்கு பவுடர் போட்டு துணில சுத்தி தனியா வை, டூல்ஸோட போட்டா வண்டி ஆட்டத்துல ஸ்பானர் உரசி உரசி புது ட்யூப்லயே ஓட்டை வுழும், கடைக்கு அப்படி எத்தினியோ வருது.

கழட்டும்போது செயின் அட்ஜஸ்டர்ல எந்த கோட்ல இருக்குனு போன்ல போட்டோ எடு, திரும்ப அதே கோட்ல மாட்டணும். பின்னாடி டிஸ்க்கா இருந்தா வீல் வெளிய இருக்கறப்ப பிரேக்க மிதிக்காத, பேடு ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் டிஸ்க் உள்ள போவாது. முக்கியமா ஒண்ணு, ட்யூப எடுத்ததும் புது ட்யூப உடனே உள்ள வுடாத, டயர் உள்பக்கம் முழுக்க ஒரு துணிய வெச்சு மெதுவா தடவு, ஆணி அங்கயே நின்னுனு இருக்கும். அத எடுக்காம மாட்டுனா கடைய தாண்டி பத்தடி போவ மாட்ட. டயர் லீவர்ல, அதான் டயர நெம்பற கம்பில, கடைசிக் கொஞ்சத்த ஏத்தறப்பதான் ட்யூப் நசுங்கும், லைட்டா காத்து அடிச்சு ட்யூப உருட்டா வெச்சுட்டு ஏத்து. மாட்டி முடிச்சதும் பிரேக்க ரெண்டு மூணு தடவ மிதிச்சு புடிக்குதானு பாத்துட்டு வண்டிய எடு.

காலடிப்பேட்டை_350:
அண்ணா வீல் கழட்ட எவனுக்கும் தெரியாது 😅 ஓட்டைய தானா அடைக்கற ஜெல்ல டயருக்குள்ள ஊத்திட்டா இந்தப் பிரச்சனையே இல்லனு ஒருத்தன் சொல்றான், ஊத்தலாமா?

ராயபுரம்_ரோடுகிங்:
தாராளமா ஊத்துங்க தல, நான் ஊத்திதான் ஓட்டறேன், சின்ன ஆணி எல்லாம் ஏறுனதே தெரியாது.

தண்டையார்பேட்டை_டயர்கடை:
உன்னுது ட்யூப்லெஸ்ஸுபா, உனக்கு சரி. ட்யூப்ல ஆணி ஒரே எடத்துல நிக்காது, வண்டி ஓட ஓட ட்யூப் நகந்து கிழிச்சுடும், கிழிசல ஜெல் அடைக்காது. அப்புறம் அந்த வழவழப்புல பேட்ச் எப்படி ஒட்டும், அத தொடச்சு காயவெக்கறதுக்குள்ள எனக்கு தாவு தீந்துடும். கடைக்காரன் வாய்ல வசவு கேக்கணும்னா ஊத்திக்கோ.

மீஞ்சூர்_ரைடர்:
காத்தடிக்க பேட்டரில மாட்டுற குட்டி கம்ப்ரஸர் ஒண்ணு, அது மக்கர் பண்ணா சைக்கிள் பம்பு. கை வலிக்கும், ஆனா ஏமாத்தாது. காத்து அளக்கற கேஜ் சின்னது ஒண்ணு சொந்தமா வாங்கிக்கோங்க, டெய்லி காலைல கிளம்பறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கறப்ப பாருங்க, ஓடி சூடான அப்புறம் பாத்தா அதிகமா காட்டும், அத நம்பி காத்த எறக்கிடாதீங்க. பின்னாடி ஆள் இருந்தா எவ்ளோ வெக்கணும்னு மேனுவல்ல தனியா போட்டிருப்பான், நிறைய பேர் அத பாக்கறதே இல்ல. காத்து கம்மியா லோடு ஏத்திட்டு மதிய வெயில்ல ஓட்டுனா டயர் சைடு மடங்கி மடங்கி சூடேறும், ஆணியே இல்லாம டயர் போறது இப்படித்தான்.

இன்னொண்ணு, ட்யூப் டயர் டக்குனு காத்து போயிடும், ட்யூப்லெஸ் மாதிரி டைம் குடுக்காது. வண்டி பின்னாடி ஆட ஆரம்பிச்சா பதறி பின் பிரேக்க மிதிக்காதீங்க, ஆக்ஸிலேட்டர விட்டுட்டு ஹேண்டில நேரா புடிச்சு முன் பிரேக்க மெதுவா தொட்டு ஓரம் கட்டுங்க. முன்னாடி போச்சுனா பின் பிரேக். பின்னாடி உக்கார்ற வீட்டுக்காரம்மாகிட்டயும் அந்த நேரத்துல அசையாம உக்காரச் சொல்லி வைங்க. ஹைவேல ஒண்ணும் முடியலனா 1033க்கு போன் போடுங்க, நேஷனல் ஹைவே ஹெல்ப்லைன் அது.

காலடிப்பேட்டை_350:
சூப்பர் மக்களே. கிட் ட்யூப்லெஸ்ஸா இருக்கற பல்சருக்கு, எனக்கு ரெண்டு ட்யூப், லீவர், பம்பு. டயர்கடை அண்ணா, ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துனு வந்தா வீல் கழட்டி மாட்ட கத்துக் குடுப்பீங்களா?

தண்டையார்பேட்டை_டயர்கடை:
வா. நான் கை வெக்க மாட்டேன், நீதான் கழட்டணும், வண்டில குடுத்த டூல்ஸ மட்டும் எத்துனு வா, அதுல இன்னா இல்லனு அப்பதான் தெரியும். காலைலயே வந்துடு, பதினோரு மணிக்கு மேல கூட்டம் சேந்துடும்.